வாசல் யார் பொறுப்பில்?

லினக்ஸ் வந்த வழி – பகுதி 23

2010 ஏப்ரல் 30 அன்று லெனார்ட் பாட்டரிங் வெளியிட்ட நீண்ட கட்டுரையோடு சென்ற பகுதியை நிறுத்தியிருந்தோம். கணினி எழுந்ததும் முதலில் ஓடும் புராசஸ் எப்படி இருக்க வேண்டும் என்று அடியிலிருந்து மறுபடி யோசித்த கட்டுரை அது. சிஸ்டம்டி என்ற பெயர் பலருக்கும் அறிமுகமானது அப்போதுதான். (அதற்கு முன் அவரும் கே சீவர்ஸும் திட்டத்துக்கு வைத்திருந்த பெயர் பேபிகிட். மாற்றிக்கொண்டது நல்லதாகப் போயிற்று.)

கட்டுரையின் மைய யோசனை சாக்கெட் ஆக்டிவேஷன். நெட்வொர்க் சேவைக்கான சாக்கெட்டைச் சேவை நிரல் திறப்பதில்லை. முதல் புராசஸ் முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது நிரலை எழுப்பி அதைக் கையில் கொடுக்கிறது. இது தன் சொந்தச் சரக்கு என்று பாட்டரிங் சொல்லிக்கொள்ளவில்லை. ஆப்பிள் 2005-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் டைகரோடு கொண்டுவந்த லாஞ்ச்டியிடம் கற்றது என்றும், லாஞ்ச்டிக்கும் முன்னால் ஐநெட்டி இதைச் செய்துகொண்டிருந்தது என்றும் அதே கட்டுரையில் எழுதியிருந்தார். ஆகவே சிஸ்டம்டியைத் தொடரும் முன், இந்த வாரம் கால் நூற்றாண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1983-இல் பெர்க்லி வெளியிட்ட 4.2 பிஎஸ்டி, யூனிக்ஸுக்கு சாக்கெட்டுகளையும் டிசிபி/ஐபியையும் கொடுத்தது. டெல்நெட்டுக்கு ஒரு டீமன், எஃப்டிபிக்கு ஒரு டீமன், ஃபிங்கருக்கு ஒன்று, டாக்குக்கு ஒன்று. எல்லாம் கணினி எழும்போதே எழுந்து, ஆளுக்கொரு போர்ட்டில் காது வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சும்மா கிடந்தன. சில மெகாபைட் நினைவகம் உள்ள வாக்ஸ் இயந்திரத்தில், எப்போதோ வரப்போகும் ஒரு ஃபிங்கர் கேள்விக்காக ஒரு புராசஸைக் காத்திருக்க வைப்பது வீண் செலவு. 1986-இல் வந்த 4.3 பிஎஸ்டி இதற்கு ஒரு வழி செய்தது. வீட்டுக்கு வீடு காவலாளி வைக்காமல் தெருமுனையில் ஒரே காவலாளியை நிறுத்தி, யார் வீட்டுக்கு விருந்தாளி வருகிறாரோ அவரை மட்டும் தட்டி எழுப்பச் சொன்னது போல. அந்தக் காவலாளிதான் ஐநெட்டி.

அதன் ஏடு ஈடிசி அடைவில் இருந்த ஐநெட்டி.கான்ஃப் என்ற ஒரே கோப்பு. சேவைக்கு ஒரு வரி, வரிக்கு 7 பத்திகள்: சேவையின் பெயர், சாக்கெட் வகை, டிசிபியா யுடிபியா, வெயிட்டா நோவெயிட்டா, எந்தப் பயனராக ஓட வேண்டும், எந்த நிரல், அதற்கு என்ன ஆர்குமென்ட்டுகள். நான்காம் பத்தியைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். நோவெயிட் என்றால், வரும் ஒவ்வொரு இணைப்பையும் ஐநெட்டியே ஏற்று, அந்த ஓர் இணைப்பை மட்டும் புதிய புராசஸிடம் கொடுத்துவிட்டு மறுபடி வாசலுக்குத் திரும்பும். வெயிட் என்றால், காது வைத்திருக்கும் சாக்கெட்டையே நிரலிடம் ஒப்படைத்துவிட்டு, அது முடியும்வரை ஒதுங்கி நிற்கும். டெல்நெட் முதல் வகை. டிஎஃப்டிபி போன்ற யுடிபி சேவைகள் பெரும்பாலும் இரண்டாம் வகை.

எழுப்பப்படும் நிரலுக்கு நெட்வொர்க் பற்றி ஒன்றுமே தெரிய வேண்டாம் என்பதுதான் இதிலிருந்த அழகு. இணைப்பை ஐநெட்டி அதன் 0, 1, 2 ஆகிய ஃபைல் டிஸ்கிரிப்டர்களில் பொருத்திவிடும். நிரல் தன் ஸ்டாண்டர்ட் இன்புட்டைப் படித்து ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் எழுதினால் போதும். எழுதியது உலகின் மறுகோடிக்குப் போகும். நான்கு வரி ஷெல் ஸ்கிரிப்ட்கூட இன்டர்நெட் சேவையாகிவிடலாம்.

ஆனால் அந்த நான்கு வரியை எழுதியவர் உலகத்தை நினைத்து எழுதியிருப்பாரா? ஃபிங்கர் டீமன், வருகிற கேள்வியை கெட்ஸ் என்ற சி ஃபங்ஷனால் 512 பைட் பஃபரில் வாங்கிக்கொண்டது. அந்த ஃபங்ஷன் அளவு பார்க்காது. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் மாணவர் ராபர்ட் மாரிஸ் ஏவிய புழு அதற்கு 536 பைட் அனுப்பியது. வழிந்த பைட்டுகள் வாக்ஸ் இயந்திரங்களில் புழுவுக்கு ஒரு ஷெல்லைத் திறந்துகொடுத்தன. தவறு ஐநெட்டியுடையது இல்லைதான். என்றாலும் தட்டியவர் யார், எங்கிருந்து வருகிறார் என்று கேட்காமலே எழுப்பிவிடுவது அதன் இயல்பாக இருந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தவர் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த வீட்ஸே வெனிமா. 1990 வாக்கில் அங்கே ஊடுருவிய ஒருவன் கோப்புகளை அடியோடு அழித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். அவன் எங்கிருந்து வருகிறான் என்று பதிவு எதுவும் இல்லை. வெனிமா ஐநெட்டியைத் தொடவில்லை, ஃபிங்கர் டீமனையும் தொடவில்லை. ஆறாம் பத்தியில் இருந்த நிரலின் பெயரை எடுத்துவிட்டு, தான் எழுதிய டிசிபிடி என்ற சிறு நிரலின் பெயரைப் போட்டார். அது வந்தவரின் முகவரியைக் குறித்துக்கொள்ளும், ஹோஸ்ட்ஸ்.அலவ், ஹோஸ்ட்ஸ்.டினை என்ற இரு கோப்புகளைப் பார்க்கும். அனுமதி உண்டென்றால் உண்மையான நிரலை ஓடவிட்டு மறைந்துவிடும். டிசிபி ரேப்பர்ஸ் என்று பெயர் பெற்ற இது, அடுத்த இரு பதிற்றாண்டுகளுக்கு யூனிக்ஸ் நிர்வாகிகளின் அனிச்சைப் பழக்கமாகவே ஆகிவிட்டது. புதிய சர்வர் கைக்கு வந்தால் ஹோஸ்ட்ஸ்.டினையில் ‘எல்லாவற்றுக்கும் எல்லாரும்’ என்று ஒரு தடை வரி. பிறகு வேண்டியவர்களுக்கு மட்டும் விலக்கு.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருந்த பானோஸ் சிரிகோடிஸ் 1990-களின் தொடக்கத்தில் எழுதிய எக்ஸ்-ஐநெட்டி, இந்தக் கேள்விகளை வாசலுக்குள்ளேயே கொண்டுவந்தது. எந்த முகவரிகளிலிருந்து வரலாம், ஒரே சமயத்தில் எத்தனை பேர், ஒரே இடத்திலிருந்து எத்தனை பேர், எந்த மணிக்குள் என்றெல்லாம் எழுதலாம். 2000-இல் ரெட் ஹேட் லினக்ஸ் 7 பழைய ஐநெட்டியை விட்டுவிட்டு இதற்கு மாறியது. ஒற்றைக் கோப்பு போய், எக்ஸ்-ஐநெட்டி.டி என்ற அடைவுக்குள் சேவைக்கு ஒரு கோப்பு வந்தது. பல கோப்புகளில் ‘டிசேபிள் = யெஸ்’ என்ற வரி முன்கூட்டியே இருந்தது.

இந்த மாற்றத்தை நிர்வாகிகளைவிடக் கவனமாகப் படித்தவர் ஒருவர் இருந்தார். 2001 ஜனவரியில் பரவிய ரேமன் புழு, ரெட் ஹேட் 6.2-ஐயும் 7.0-ஐயும் குறிவைத்தது. பிடித்த இயந்திரத்திலிருந்து தன் பிரதியைப் பரிமாற அதற்கு ஒரு சிறு சர்வர் தேவை. 6.2 என்றால் ஐநெட்டி.கான்ஃப் கோப்பில் ஒரு வரி சேர்த்தது, 7.0 என்றால் எக்ஸ்-ஐநெட்டி அடைவில் ஒரு புதிய கோப்பு போட்டது. இரண்டு ஏற்பாட்டிலும் 27374-ஆம் போர்ட். ஒரே சேவையைப் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் சரியாக எழுதிக் காட்டிய ஆவணம் வேண்டுமானால், அந்தக் காலத்துக்கு அந்தப் புழுவே போதும்.

ஐநெட்டி குடும்பத்தின் கதை ஒருபுறம். ஓய்வே இல்லாத சேவைகள், அதாவது வெப் சர்வர், மெயில், எஸ்எஸ்ஹெச் எல்லாம் அதன் கீழ் வராமல் தனித்து ஓடின. எஸ்எஸ்ஹெச் தனித்து ஓடியதற்குத் தனிக் காரணமும் உண்டு: முதல் பதிப்பு நெறிமுறையில் சர்வர் எழும்போதெல்லாம் ஒரு சாவி தயாரிக்க வேண்டும், இணைப்புக்கு ஒரு முறை எழுப்பினால் ஒவ்வொருவரும் அதற்காகக் காத்திருக்க நேரும்.

இந்தத் தனி டீமன்களை எழுப்பியவை இனிட் ஸ்கிரிப்ட்டுகள். ரெட் ஹேட்டின் எஸ்எஸ்ஹெச் ஸ்கிரிப்ட் தலையில் 2345 55 25 என்று ஒரு குறிப்பு வரி இருக்கும். 2 முதல் 5 வரை உள்ள ரன்லெவல்களில் எழுப்பு, 55-ஆவது இடத்தில் எழுப்பு, 25-ஆவது இடத்தில் நிறுத்து என்று பொருள். நெட்வொர்க் ஸ்கிரிப்ட்டின் எண் 10. நெட்வொர்க் வந்த பிறகுதான் எஸ்எஸ்ஹெச் வர வேண்டும் என்ற உறவு எங்கும் எழுதப்படவில்லை. 10 என்பது 55-க்கு முன்னால் வரும் என்பதில் அது ஒளிந்திருந்தது. வரிசையாக ஒவ்வொன்றாக ஓடும்வரை இது செல்லும்.

டீமன்களின் பக்கம் இன்னொரு சடங்கு. தன்னை இரு முறை ஃபோர்க் செய்துகொண்டு, டெர்மினலைத் துறந்து, தன் எண்ணை ஒரு பிஐடி கோப்பில் எழுதி வைத்துவிட்டுப் பின்னணிக்குப் போக வேண்டும். சிஸ்டம்டியின் மேனுவலில் டீமன் பற்றிய பக்கம் பழைய முறைக்கு 15 படிகளை வரிசைப்படுத்துகிறது. நிறுத்துவதென்றால் அந்த பிஐடி கோப்பில் உள்ள எண்ணைக் கொல்வது. டீமன் இடையில் செத்து, அதே எண் வேறொரு புராசஸுக்குப் போயிருந்தால் அப்பாவி ஒன்று பலியாகும். வெப் சர்வர் பெற்றுப்போட்ட சிஜிஐ பிள்ளைகள் இரு ஃபோர்க் தாண்டிப் பிரிந்திருந்தால் அவை யாருடையவை என்றே தெரியாது. 2008 ஜனவரியில் 2.6.24 கர்னலோடு வந்த கண்ட்ரோல் குரூப்புகள்தான் இதற்கு விடை கொடுத்தன. எத்தனை முறை ஃபோர்க் செய்தாலும் புராசஸ் பிறந்த குழுவிலேயே இருக்கும். சிஸ்டம்டி சேவைக்கு ஒரு குழு என்று வைத்தது. பிஐடி கோப்பும் இரட்டை ஃபோர்க்கும் தேவையற்றுப் போயின. டீமன் முன்னணியிலேயே நின்று வேலை பார்த்தால் போதும். நூறு வரி ஸ்கிரிப்ட்டுகள் பத்து வரி யூனிட் கோப்புகளாயின. சிஸ்டம்டி மீது எனக்குக் குறைகள் உண்டு; இந்த ஒரு விஷயத்தில் பழையதற்காகக் கண்ணீர் விட என்னிடம் எதுவும் இல்லை.

சாக்கெட் விஷயத்துக்கு வருவோம். ஐநெட்டி வாசலைப் பிடித்தது நினைவகத்தை மிச்சப்படுத்த. பாட்டரிங் பிடிக்க நினைத்தது வேகத்துக்காக. எல்லாச் சாக்கெட்டுகளையும் முதலிலேயே திறந்துவிட்டால், யார் யாருக்கு முன்னால் எழ வேண்டும் என்ற கேள்வியே எழாது. பதிவுகளை வாங்கிக்கொள்ளும் சிஸ்லாக் டீமன் இன்னும் எழவில்லையா? பரவாயில்லை, அதன் சாக்கெட் இருக்கிறது. மற்றவர்கள் அதில் எழுதலாம். கர்னலின் பஃபரில் செய்தி காத்திருக்கும். 10, 55 என்ற எண்களுக்கு வேலை போயிற்று. ஐநெட்டி இன்டர்நெட் சாக்கெட்டுகளோடு நின்றது. சிஸ்டம்டி கணினிக்குள்ளேயே பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட்டுகளுக்கும் இதை நீட்டியது. உண்மையான லாபம் அதில்தான்.

2011 மே மாதம் ஃபெடோரா 15 சிஸ்டம்டியை இயல்பாக்கியது. 2014 பிப்ரவரியில் டெபியன் தொழில்நுட்பக் குழு 4-க்கு 4 எனப் பிளந்து, தலைவர் பிடேல் கார்பியின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி வென்றது. அந்தச் சண்டை தனிப் பகுதிக்கு உரியது. நாம் பார்க்க வேண்டியது, பழைய நெட்வொர்க் சேவைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எழுதியவர்களின் மேசையை.

7 பத்தி வரி இரண்டு கோப்புகளாகப் பிரிந்தது. டெல்நெட் என்றால், 23-ஆம் போர்ட்டில் காது வைக்கச் சொல்லும் சாக்கெட் கோப்பு ஒன்று. நிரலை ஓட்டும் சர்வீஸ் கோப்பு ஒன்று. நான்காம் பத்தி ‘அக்செப்ட்’ என்ற வரியாயிற்று. நோவெயிட் என்றால் யெஸ். வெயிட் என்றால் நோ. யெஸ் என்றால் சர்வீஸ் கோப்பின் பெயரில் ஓர் அட் குறி இருக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் அந்த அச்சிலிருந்து ஒரு பிரதி பிறக்கும். அந்தப் பிரதியின் பெயரிலேயே இரு முனைகளின் முகவரியும் போர்ட்டும் இருக்கும். வெனிமா தனி நிரல் எழுதித் தெரிந்துகொண்ட சேதி இப்போது சேவையின் பெயரிலேயே கிடைத்தது. ஒரே ஒருவரின் இணைப்பை மட்டும் பெயர் சொல்லி நிறுத்தவும் முடியும்.

சின்னச் சின்னப் பள்ளங்களும் இருந்தன. ஐநெட்டி.கான்ஃபில் டெல்நெட் என்று பெயர் எழுதினால் போதும், சர்வீசஸ் கோப்பைப் பார்த்து எண்ணை அதுவே கண்டுபிடிக்கும். சாக்கெட் கோப்பில் எண்ணைத்தான் எழுத வேண்டும். ஓட்ட வேண்டிய நிரலின் பாதைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட மறந்தால், பாதியில் அறுந்த ஒவ்வொரு இணைப்பும் தோற்றுப்போன சேவையாகப் பட்டியலில் தங்கிவிடும். எக்ஸ்-ஐநெட்டியின் இன்ஸ்டன்ஸ் வரம்புக்கு நேரான வரி கிடைத்தது. போர்ட்டைத் திருப்பிவிடும் வசதிக்கு 2014-இல் ஒரு சிறு ப்ராக்ஸி நிரல் வந்தது. குறிப்பிட்ட மணிக்குள் மட்டும் என்ற வரிக்கு நேர்ச்சொல் இல்லை. டைமர் வைத்துச் சாக்கெட்டைத் திறந்து மூட வேண்டியதுதான். வந்ததைத் திருப்பி அனுப்பும் எக்கோ, எழுத்துகளைக் கொட்டும் கார்ஜென் போன்ற ஐநெட்டியின் உள்ளமைந்த சேவைகளை சிஸ்டம்டி வேண்டுமென்றே விட்டுவிட்டது. ஒரு கணினியின் கார்ஜெனை இன்னொன்றின் எக்கோவோடு மோதவிட்டு நெட்வொர்க்கை அடைக்கலாம் என்று கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட் 1996-லேயே எச்சரித்திருந்ததால் யாரும் அதைத் தேடவில்லை. 2018-இல் சூஸே லினக்ஸ் எண்டர்பிரைஸ் 15 எக்ஸ்-ஐநெட்டியையே நீக்கிவிட்டு, சிஸ்டம்டி சாக்கெட்டுகளுக்கு மாறிக்கொள்ளச் சொன்னது.

பெரிய பள்ளம் வேறிடத்தில் இருந்தது. 2014 மார்ச்சில் வந்த சிஸ்டம்டி 212, டிசிபி ரேப்பர்ஸ் ஆதரவை எடுத்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 6.7-உம் எடுத்தது. 2019-இல் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இல் அந்தத் தொகுப்பே இல்லை. எடுத்ததற்கு நியாயம் உண்டு: வெனிமாவின் நிரல் பழையது, ஃபயர்வால் அந்த வேலையைக் கர்னலிலேயே செய்கிறது. ஆனால் பழைய சர்வரைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும்போது ஹோஸ்ட்ஸ்.டினை கோப்பு அப்படியே ஈடிசி அடைவில் கிடக்கும். உள்ளே தடை வரிகளும் இருக்கும். அவற்றைப் படிக்கும் நிரல்தான் இருக்காது. பிழைச் செய்தி வராது. சேவை முன்னைவிடத் தாராளமாக எல்லாருக்கும் வேலை செய்யும். ஓடாத சேவை உடனே கண்ணில் படும். காவல் இல்லாமல் ஓடும் சேவையை யார் தேடுவார்கள்? முகவரி வடிகட்டும் வசதி சிஸ்டம்டிக்குள் மறுபடி வந்தது 2017 அக்டோபரில், 235-ஆம் பதிப்பில். இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளை அவசரமாக நடந்த அகற்றல் என்றே நான் சொல்வேன்.

எஸ்எஸ்ஹெச் கதையில் இதே பள்ளம் வேறு உருவில் வந்தது. பழைய ஐநெட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு சேவையை யாராவது அளவுக்கு மீறித் தட்டினால் அதை 10 நிமிடம் மூடி வைத்துவிட்டு மறுபடி திறக்கும். சிஸ்டம்டியிலும் அப்படி ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் சாக்கெட் தோல்வி நிலைக்குப் போகும், நிர்வாகி வந்து எழுப்பும்வரை அப்படியே கிடக்கும். எஸ்எஸ்ஹெச்சே அப்படிக் கிடந்தால் நிர்வாகி எந்த வழியாக உள்ளே வருவார்? சாக்கெட்டை இப்படி வெளியிலிருந்தே முடக்கிவிடலாம் என்ற காரணத்தால், 2019-இல் ஆர்ச் லினக்ஸ் எஸ்எஸ்ஹெச்சுக்கான சாக்கெட் கோப்பைத் தன் தொகுப்பிலிருந்து நீக்கியது. மூடிப்போடாமல் சற்று நேரம் மட்டுப்படுத்தும் வரம்பு சிஸ்டம்டிக்கு வந்தது 2023 டிசம்பரில், 255-ஆம் பதிப்பில்.

உபுண்டு எதிர்த்திசையில் போனது. 2022 அக்டோபரின் 22.10 பதிப்பில் எஸ்எஸ்ஹெச் சாக்கெட் வழியாகவே எழும். முதல் இணைப்பு வரும்வரை டீமனே ஓடாது. காரணம் 1986-இன் அதே காரணம்: நினைவகம். கண்டெய்னர் ஒன்றுக்குக் குறைந்தது 3 மெகாபைட் மிச்சம் என்றார்கள். ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான கண்டெய்னர்கள் ஓடும் காலத்தில் அது சிறு தொகை இல்லை. ஆனால் போர்ட்டைத் திறப்பது சிஸ்டம்டி என்றான பிறகு, எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக் கோப்பில் 22-ஐ 2222 என்று மாற்றினால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. பழைய அமைப்பிலிருந்து உயர்த்தியபோது இருந்த எண்ணை நிறுவல் ஸ்கிரிப்ட்டே சாக்கெட் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதன் பிறகு செய்த மாற்றங்கள்தான் காற்றில் போயின. இருபது ஆண்டுகளாக ஊறிய கை, அதே கோப்பைத் திறந்து, அதே வரியைத் திருத்தி, சேவையை மறுபடி ஓட்டிவிட்டு, புதிய போர்ட்டில் பதில் இல்லையே என்று விழித்தது. 2024 ஏப்ரலின் 24.04 பதிப்பில், பழைய கோப்பைப் படித்து அதற்கேற்ற சாக்கெட் அமைப்பைத் தானே உண்டாக்கும் ஒரு ஜெனரேட்டரைச் சேர்த்தார்கள். பழைய கோப்புக்கு மறுபடி ஒரு வாசகர் கிடைத்தார்.

அதற்குச் சில வாரம் முன்னால், 2024 மார்ச் 29 அன்று, வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு துளை வெளிப்பட்டது. டெபியனின் நிலையற்ற (சிட்) பதிப்பில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வேகம் அளந்துகொண்டிருந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைத் துரத்திப் போய், எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் இருப்பதைக் கண்டார். சுருக்க நூலகத்துக்கும் எஸ்எஸ்ஹெச்சுக்கும் என்ன உறவு? ஓப்பன்எஸ்எஸ்ஹெச் எழுதுபவர்கள் அப்படி ஓர் உறவை வைக்கவே இல்லை. தயார் என்று டீமன் சொல்லும்வரை சிஸ்டம்டி காத்திருக்க ஒரு வழி உண்டு: கொடுக்கப்பட்ட யூனிக்ஸ் சாக்கெட்டில் ‘ரெடி=1’ என்று ஒரு வரி அனுப்புவது. அந்த ஒரு வரிக்காக டெபியன், ஃபெடோரா போன்ற வழங்கல்கள் எஸ்எஸ்ஹெச்சைத் தாமாகத் திருத்தி, லிப்சிஸ்டம்டி நூலகத்தை முழுதாக இணைத்திருந்தன. அந்த நூலகம், சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலின் கோப்புகளைச் சுருக்குவதற்காக எக்ஸ்இசட்டைக் கூட்டி வந்தது. சிஸ்டம்டியின் பருமன் பற்றி 2010 முதல் முணுமுணுத்தவர்கள் சொன்னவற்றில் பலவும் மிகை. ஆனால் இந்த இடத்தில் அவர்கள் சொன்னது நடந்தது. சுருக்க நூலகங்களைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் மாற்றத்தை சிஸ்டம்டிக்காரர்கள் ஏற்கெனவே தொடங்கியிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது 2024 ஜூனில் வந்த 256-ஆம் பதிப்பில் முழுமை பெற்றது.

2024 ஜூலை 1 அன்று ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8 வெளிவந்தது. ‘ரெடி’ என்று சொல்லும் வேலையை எந்த நூலகமும் இல்லாமல் தன் சொந்தக் குறிநிரலிலேயே சில பத்து வரிகளில் எழுதிச் சேர்த்திருந்தார்கள். வழங்கல்களின் அந்தத் திருத்தத்துக்குத் தேவை முடிந்தது.

ஜர்னல் என்ற பெயர் வந்துவிட்டது. சென்ட்மெயிலுக்காக எரிக் ஆல்மன் எழுதிய சிஸ்லாக் எப்படி உலகப் பழக்கமானது, எளிய உரைக் கோப்பாக இருந்த பதிவுகள் ஏன் பைனரியாயின, அதற்கு எழுந்த கூச்சல் என்ன என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)